கோப்பைச் சேமித்தோம், வேலையைச் சேமித்தோமா?

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், யானைமலையை ஒட்டி இருக்கிறது ஒத்தக்கடை. 1965இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இந்த ஊரின் பழைய அடையாளம். 2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருகிலேயே திறக்கப்பட்டது. கன்னியாகுமரி முதல் கரூர் வரை 13 மாவட்டங்களின் வழக்குகள் இந்தப் பக்கம் திரும்பின. வழக்கு என்றால் வாதம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அதன் பெரும்பகுதி தட்டச்சு வேலை. ரிட் மனு ஒன்றைத் தயாரிக்க உட்காருபவரின் திரையில் மனு, அதற்கான அஃபிடவிட், எந்த உத்தரவை எதிர்த்து மனுவோ அந்த உத்தரவின் நகல், தேதிவாரியான நிகழ்வுப் பட்டியல், மனுவோடு இணைக்கும் ஆவணத் தொகுப்பான டைப்டு செட்டின் பொருளடக்கம் என்று நாலைந்து கோப்புகளாவது திறந்திருக்க வேண்டியிருக்கும். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைத் திருத்தும் வேலை இது. மனுவில் ஒரு தேதி, அஃபிடவிட்டில் வேறு தேதி என்று இருந்துவிட்டால் மனு திரும்பி வரும். இப்படி நாலைந்தையும் பரப்பி வைத்து வேலை சூடுபிடிக்கும்போதுதான், இன்னொரு வழக்கு அவசரம் என்று யாராவது வந்து நிற்பார்கள்.

அப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். தட்டச்சு செய்பவர் ஒவ்வொரு கோப்பையும் சேமித்து மூடுகிறார். புது வழக்கின் கோப்புகளைத் திறக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துப் பழைய வழக்குக்குத் திரும்பும்போது, எழுதிய சொல் ஒன்றுகூடக் காணாமல் போயிருக்காது. காணாமல் போயிருப்பது வேறு. எந்தெந்தக் கோப்புகள் திறந்திருந்தன, எது இடப்பக்கம், எது வலப்பக்கம், உத்தரவு நகலில் எந்தப் பத்தியில் கண் நின்றிருந்தது, மனுவின் எந்த வரியில் கை நின்றிருந்தது என்பவையெல்லாம் போய்விட்டன. கோப்பைச் சேமிக்க நமக்கு முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கோப்புகளை நாம் பரப்பி வைத்திருந்த விதமும் சேமிக்க வேண்டிய ஒன்று, அதுவும் வேலையின் ஒரு பகுதி என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதைச் செய்யும் வசதி எழுத்துக்கான மென்பொருள்கள் பலவற்றில் நெடுநாளாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது நேரத்துக்கும் கவனத்துக்கும் நாமே விதித்துக்கொள்ளும் வரி என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

காகிதக் காலத்தில் இந்தப் பிரச்சினைக்கு நீதிமன்ற வளாகங்களிலேயே தீர்வு இருந்தது. வக்கீல் குமாஸ்தா ஒரு வழக்கின் தாள்களை மொத்தமாகச் சேர்த்து, வரிசை கலையாமல், தேவையான பக்கங்களில் சீட்டு செருகி, நாடா போட்டுக் கட்டி வைப்பார். அதுதான் கேஸ் கட்டு. அடுத்த வாய்தாவில் கட்டை அவிழ்த்தால் போன வாய்தாவில் விட்ட இடம் அப்படியே இருக்கும். ஒரு மேசையில் ஒரு நாளில் பத்துக் கட்டுகள் அவிழ்ந்து, பத்தும் திரும்பக் கட்டப்பட்டன. ஒன்று மற்றொன்றோடு கலக்கவில்லை. கணினி வந்தபோது தாள்கள் கோப்புகளாக மாறின, அலமாரி வன்தட்டாக மாறியது. கட்டு மட்டும் பெரும்பாலான அலுவலகங்களில் எதுவாகவும் மாறவில்லை. வழக்குக்கு ஒரு ஃபோல்டர் போடுகிறோமே என்று கேட்கலாம். ஃபோல்டர், தாள்கள் எங்கே இருக்கின்றன என்று மட்டும்தான் சொல்லும். எந்தத் தாள்கள் எந்தப் பக்கத்தில் விரிந்திருந்தன என்பது அதற்குத் தெரியாது.

விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு பெரிய சிரமமா என்ற சந்தேகம் நியாயமானது. இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ் பார்னின், ஸ்பென்சர் ருகாபர் இருவரும் 86 நிரலாளர்களின் சுமார் 10,000 வேலை அமர்வுகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் ஒரு நிமிடத்துக்குள் மறுபடி எழுதத் தொடங்கியது பத்தில் ஒரு அமர்வில்தான். மற்ற நேரங்களில் அவர்கள் எழுதும் முன் அங்கும் இங்கும் போய்ப் பல இடங்களைத் திறந்து பார்த்தார்கள். எந்தெந்த இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை மீட்டால்தான், என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது நினைவுக்கு வருகிறது. சிலர் எழுந்து போகும் முன் நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டுப் போவார்களாம். திரும்பி வந்ததும் கணினி அந்த இடத்திலேயே முட்டி நிற்கும், விட்ட இடம் தெரிந்துவிடும். நினைவுக்கு ஆதாரம் தேடி மனிதர்கள் இந்த அளவுக்குப் போகிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் தன் சகாக்களோடு 2008இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. இடையூறுக்கு ஆளானவர்கள் வேலையைத் தாமதமாக முடிக்கவில்லை, சற்று வேகமாகவே முடித்தார்கள். ஆனால் அந்த வேகத்துக்கு விலையாக மன அழுத்தமும் எரிச்சலும் கூடின. ஆகவே கடிகாரத்தை மட்டும் பார்த்து நஷ்டமில்லை என்று சொல்லிவிட முடியாது. நஷ்டம் மாலையில் வரும் தலைவலியாக எழுதப்படுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. ஜன்னல்களும் மவுஸும் கொண்ட கணினி வளர்ந்த ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலேயே, ஆஸ்டின் ஹென்டர்சன், ஸ்டூவர்ட் கார்ட் என்ற இருவர் 1986இல் ‘ரூம்ஸ்’ என்ற அமைப்பைப் பற்றி எழுதினார்கள். அலுவலக மேசையோடு ஒப்பிட்டால் கணினித் திரை மிகச் சிறியது, அதில் எல்லா வேலைகளின் ஜன்னல்களையும் ஒரே நேரத்தில் வைத்தால் மனிதன் வேலை செய்வதைவிட ஜன்னல்களை நகர்த்துவதில்தான் நேரத்தைச் செலவிடுவான் என்பது அவர்கள் கணிப்பு. அதற்கு அவர்கள் சொன்ன தீர்வு, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை. அந்த அறைக்குள் நுழைந்தால் அந்த வேலைக்குரிய ஜன்னல்கள் அவற்றுக்குரிய இடங்களில் இருக்கும். யோசனை நல்லது என்பதில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. ஆனால் பொதுமக்கள் கைக்கு வந்த மென்பொருள்கள் இதைச் சீராக ஏற்கவில்லை. எக்செல் மென்பொருளில் பல கோப்புகளையும் அவற்றின் ஜன்னல் இடங்களையும் ஒரே பெயரில் சேமிக்கும் ‘சேவ் வொர்க்ஸ்பேஸ்’ என்ற கட்டளை இருந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இன்று அலுவலக மென்பொருள் மட்டுமே பழகியவருக்கு இப்படி ஒரு வசதி உலகில் உண்டு என்பதே தெரியாமல் போக இதுபோன்ற நீக்கங்களும் ஒரு காரணம்.

யோசனையை விடாமல் பிடித்துக்கொண்டவை டெக்ஸ்ட் எடிட்டர்கள். எழுத்துரு அலங்காரம், பக்க ஓரம் என்ற கவலையில்லாமல் வெறும் எழுத்தை மட்டும் கையாளும் மென்பொருள்கள் இவை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1976இல் எம்ஐடியில் தொடங்கி, 1985இல் எல்லோருக்கும் பொதுவாக மறுபடி எழுதி வெளியிட்ட ஈமாக்ஸ் இவற்றில் மூத்தது. அதில் திரையை வேண்டியபடி பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு, அந்த அமைப்புக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைக்கலாம். கண்ட்ரோலும் எக்ஸும், பிறகு ஆர், டபிள்யூ, அதன்பின் நாம் விரும்பும் எழுத்து, அவ்வளவுதான். வேறு வேலைக்குப் போய்விட்டு, டபிள்யூ இருந்த இடத்தில் ஜே அழுத்தி அதே எழுத்தைச் சொன்னால் பழைய அமைப்பு திரும்பும். இதில் ஒரு வரம்பு உண்டு. இப்படிச் சேமித்தது கணினியின் தற்காலிக நினைவில் மட்டும்தான் இருக்கும். ஈமாக்ஸை மூடினால் போய்விடும். காரணம், சேமிக்கப்படுவது அந்த நேரத்தில் உயிரோடிருக்கும் ஜன்னல்களைப் பற்றிய குறிப்பு. அந்த ஜன்னல்கள் மறைந்தால் குறிப்புக்குப் பொருளில்லை. அதனால் ஜன்னல் அமைப்பை எழுத்தாக மாற்றி வட்டில் எழுதும் வழி 2012இல் வெளியான 24ஆம் பதிப்பில் சேர்ந்தது. 2014இல் வந்த 24.4 பதிப்பிலிருந்து, ‘டெஸ்க்டாப்’ வசதியை இயக்கி வைத்தவர்களுக்குக் கணினியை அணைத்துப் போட்டாலும் மறுநாள் திரைப் பிரிவுகள் உட்பட எல்லாம் திரும்புகின்றன.

பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம் எடிட்டர் இதை இன்னும் எளிமையாகச் செய்கிறது. ‘எம்கேசெஷன்’ என்ற கட்டளையோடு ஒரு பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயரில் ஒரு சிறு கோப்பு உருவாகும். அதைத் திறந்து பார்த்தால் மாயம் எதுவும் இருக்காது. இந்த ஃபோல்டருக்குப் போ, இந்தக் கோப்பைத் திற, திரையை நெடுக்காகப் பிரி, அந்தக் கோப்பைத் திற, இத்தனையாவது வரியில் நில் என்று மனிதன் படிக்கக்கூடிய கட்டளைகள் வரிசையாக இருக்கும். வேலையின் அமைப்பு என்பது கடைசியில் சில வரி எழுத்துதான். அதை நகலெடுக்கலாம், பென் டிரைவில் வைக்கலாம். இதிலிருந்தே அதன் பலவீனமும் புரியும். செஷன் கோப்பில் நம் ஆவணங்களின் உள்ளடக்கம் இல்லை, அவை இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கிறது. ஆவணத்தை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலோ பெயரை மாற்றினாலோ முகவரி தப்பாகிவிடும். எனவே செஷனைச் சேமித்தாயிற்று என்று ஆவணத்தைச் சேமிக்காமல் விடக்கூடாது. இரண்டும் தனித்தனி வேலைகள்.

ஈமாக்ஸும் விம்மும் கணினித் துறையினருக்கானவை, சாதாரண மனிதர் எங்கே அவற்றைக் கற்பது என்ற கேள்வி வரும். கற்க வேண்டியதில்லை. நம் ஊர்க் கணினிகளில் சர்வசாதாரணமாகக் காணப்படும் நோட்பேட் பிளஸ் பிளஸ் மென்பொருளின் ஃபைல் மெனுவிலேயே ‘சேவ் செஷன்’, ‘லோட் செஷன்’ என்று இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. கேட் என்ற எடிட்டரில் செஷன்களுக்கென்றே தனி மெனு உண்டு. லினக்ஸில் பிறந்த அது விண்டோஸிலும் ஓடும், காசும் வேண்டாம். நாட்டின் நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தில் நீதிபதிகளின் மடிக்கணினிகளுக்கு உபுண்டு லினக்ஸைத் தேர்ந்தெடுத்தவர்கள் உச்ச நீதிமன்றத்தின் மின்-குழுவினர். ஆக இத்தகைய கருவிகள் நீதித் துறைக்கு அந்நியமானவை அல்ல. மதுரைப் பகுதியில் எல்காட்டின் இலந்தைக்குளம், வடபழஞ்சி தொழில்நுட்பப் பூங்காக்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் அன்றாடம் கண்டிருக்கக்கூடிய விஎஸ் கோட் என்ற எடிட்டர், எந்த ஃபோல்டரைத் திறக்கிறோமோ அதற்குரிய ஜன்னல்களைத் தானே விரிக்கிறது. விளைச்சல் புள்ளிவிவரங்களை ஆர் மொழியில் அலசும் வேளாண் ஆய்வு மாணவர் ஆர்ஸ்டூடியோவில் ஒவ்வோர் ஆய்வையும் தனித்தனி ‘புராஜெக்ட்’ ஆக வைத்துக்கொண்டால், அந்தந்த ஆய்வின் திறந்த கோப்புகள் அந்தந்த இடத்தில் நிற்கும்.

இங்கே இரண்டு வசதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடைசியாக இருந்த நிலையைத் தானாக மீட்பது ஒன்று. வேலைவாரியாகப் பெயரிட்டு வைத்த நிலைகளில் வேண்டியதை அழைப்பது மற்றொன்று. முதலாவது இன்று பரவலாகிவிட்டது. விண்டோஸ் 11இன் சாதாரண நோட்பேட்கூட 2023 முதல் முன்பு திறந்திருந்தவற்றைத் திரும்பத் திறக்கிறது. வேர்டு, விட்ட பக்கத்துக்குப் போகலாமா என்று கேட்கிறது. இதுதான் தானாகவே நடக்கிறதே, பெயர் வைப்பது எதற்கு என்று சொல்பவர்கள் ஒரே வேலையைச் செய்பவரை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். நாவல் எழுதும் ஒருவருக்குக் கடைசி நிலை போதும். மூன்று வழக்குகளுக்கு நடுவே தாவுபவருக்கு, பாடக்குறிப்பும் வினாத்தாளும் மதிப்பெண் பட்டியலும் மாறி மாறிப் பார்க்கும் ஆசிரியருக்கு, கடைசி நிலை என்பது பெரும்பாலும் தப்பான வேலையின் நிலை. அவருக்குத் தேவை நேற்று முன்தினம் நிறுத்திய வேலை. அதைப் பெயர் சொல்லித்தான் அழைக்க முடியும். விபத்திலிருந்து காப்பாற்றுவது முதல் வசதி, வேலை மாறும்போது கைகொடுப்பது இரண்டாவது. நம் அலுவலகங்களில் விபத்தைவிட வேலை மாற்றமே அடிக்கடி நடக்கிறது.

கணினியை அணைக்காமல் வைத்தால் போதுமே, மூடிவைத்த மடிக்கணினியைத் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்குமே என்பது அடுத்த எதிர்வாதம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் ஊர்களில் இந்த யோசனை அந்த ஒரு நாளிலேயே தோற்றுவிடும். மேசைக் கணினிக்கு யுபிஎஸ் கொடுப்பது சேமித்து அணைக்க வேண்டிய சில நிமிடங்களைத்தான். 2012இன் மின்வெட்டுக் காலத்தை மதுரைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மின்சாரம் தடையில்லாமல் வந்தாலும், புதுப்பிப்பு என்று சொல்லி இரவோடு இரவாகக் கணினி தன்னைத்தானே அணைத்துத் திறந்துகொள்கிறது. அதோடு, அணைக்காமல் வைத்திருக்கும் கணினியில் எல்லா வேலைகளின் ஜன்னல்களும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்துதான் இருக்கும். பெரிய திரையோ இரண்டாவது திரையோ வாங்கினால் சரியாகிவிடும் என்பதும் இதே ரகம்தான். இடம் கூடினால் ஒரே வேலையை வசதியாகப் பரப்பலாம், மறுப்பதற்கில்லை. வேலைகளுக்கு இடையே எல்லை போடுவதை இடம் செய்யாது.

பழைய ஜன்னல்களைத் திரும்பக் கொண்டுவந்தால் பழைய குப்பையும் சேர்ந்து வரும், அவ்வப்போது எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மனதுக்கு நல்லது என்று வாதிடுபவர்களும் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. தேவையில்லாத இருபது கோப்புகளோடு சேமித்த அமைப்பு, சேமிக்காததைவிட மோசம். ஆனால் இதற்கு மருந்து சேமிக்காமல் இருப்பதல்ல, சேமிக்கும் முன் வேண்டாதவற்றை மூடுவது. பெயர் வைத்துச் சேமிப்பவர் ஒரு கணம் நின்று, இந்த வேலைக்கு உண்மையில் எவை வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியே பாதிக் குப்பையைக் கூட்டித் தள்ளிவிடும். சேமித்து வைத்திருக்கிறோம் என்ற தெம்பு இருப்பவர்தான் திரையைத் துணிந்து காலி செய்வார். மற்றவர்கள் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் எதையும் மூடாமல் வைத்திருக்கிறார்கள்.

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ரகசியம் பற்றியது. செஷன் கோப்பில் ஆவணங்களின் பெயரும் முகவரியும் இருக்கும். கட்சிக்காரர் பெயரையே கோப்புக்குப் பெயராக வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பலர் மாறி மாறி உட்காரும் டைப்பிங் கடைக் கணினியில் இப்படி ஒரு கோப்பு கிடந்தால், யார் யாருக்கு என்ன வழக்கு என்பது அடுத்து உட்காருபவருக்குத் தெரிந்துவிடும். குடும்ப வழக்கு, குழந்தைகள் தொடர்பான வழக்கு என்றால் இது சின்ன விஷயம் அல்ல. பொதுக் கணினியில் கடைசி நிலையைத் தானாக மீட்கும் வசதியை அணைத்து வைப்பதே முறை. பெயரிட்ட செஷனை அந்த வழக்கின் ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, ஃபோல்டரை எப்படிப் பாதுகாக்கிறோமோ அப்படி அதையும் பாதுகாக்க வேண்டும். இந்த ஆட்சேபம் வசதியை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு வரம்பு போடுகிறது. வசதியே வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜன்னல்கள் திரும்பும், சிந்தனை திரும்புமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில், முழுவதும் திரும்பாது என்பதுதான். ஏன் இந்தப் பத்தியை வெட்ட நினைத்தோம், சீனியர் போனில் என்ன திருத்தம் சொன்னார் என்பது எந்தச் செஷன் கோப்பிலும் இருக்காது. அதற்கு எளிய வழி, ஒவ்வோர் அமைப்பிலும் ‘அடுத்து’ என்று பெயரிட்ட ஒரு சிறு குறிப்புக் கோப்பையும் சேர்த்து வைப்பது. எழுந்து போகும் முன் அதில் ஒரு வரி எழுதினால் போதும். பார்னின், ருகாபர் ஆய்வில் மனிதர்கள் பல இடங்களைத் தொட்டுத் தொட்டுத்தான் தங்கள் நோக்கத்தை மீட்டார்கள் என்று பார்த்தோம். அந்த இடங்கள் முன்னமே விரிந்து கிடந்து, பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பும் இருந்தால் மீட்கும் வேலை மிகவும் குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

வேர்டைத் தவிர வேறெதிலும் வேலை செய்ய முடியாதவர்களுக்கும் பாதி வழி இருக்கிறது. ஒரு வழக்குக்குத் தேவையான ஆவணங்களின் முகவரிகளை, திறக்கச் சொல்லும் கட்டளையோடு, வரிக்கு ஒன்றாக ஒரு சிறு பேட்ச் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் வைத்துவிட்டால், அதை இருமுறை கிளிக் செய்ததும் அத்தனையும் திறந்துகொள்ளும். ஜன்னல்கள் பழைய இடத்தில் நிற்காது, ஆனால் எவை வேண்டும் என்று தேடும் வேலை மிச்சமாகும். கணினி தெரிந்த ஒருவர் பத்து நிமிடத்தில் இதைச் செய்து காட்டிவிடுவார்.

தனிமனிதர் பழக்கத்தோடு இது முடியக்கூடாது. அரசு வேலைக்குப் போகும் தட்டச்சர்களிடம் தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அலுவலகத் தானியங்கி கணினிச் சான்றிதழை எதிர்பார்க்கிறார்கள். அதற்குத் தயார் செய்யும் தட்டச்சுப் பயிலகங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அந்த வகுப்பில் ஒரே ஒரு மணி நேரத்தை வேலை அமைப்பைப் பெயரிட்டுச் சேமித்து மீட்பதற்கு ஒதுக்கலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வரத் தொடங்கியிருக்கும் காலம் இது. ஆங்கில மூலம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம், சட்டச் சொல்லகராதி நடுவில் என்று வைத்துக்கொண்டு நாள்கணக்கில் வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் பலர் தேவைப்படுவார்கள். அவர்களைத் தயாரிக்கும் கல்லூரிகளும் இந்தப் பாடத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லது. செலவு எதுவும் இல்லை. மென்பொருள்கள் இலவசம், கட்டளைகள் ஏற்கெனவே மெனுவில் இருக்கின்றன.

வாசகர்கள் இன்றே செய்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. கையில் இருக்கும் வேலைகளில் அடிக்கடி விட்டுவிட்டுத் தொடர வேண்டிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய கோப்புகளை மட்டும் திறந்து வைத்து, உங்கள் எடிட்டரில் செஷன் என்ற கட்டளை எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வேலையின் பெயரிலேயே சேமித்துவிடுங்கள். ஒரு வாரம் அப்படியே தொடர்ந்து பாருங்கள். பயன் இல்லை என்று தோன்றினால் அந்தச் சிறு கோப்பை அழித்துவிடலாம், உங்கள் ஆவணங்களுக்கு எந்தச் சேதமும் வராது.